கையை அழுத்திக் காட்டி 1,280 வெள்ளி கறந்துவிட்டார்கள் (சிங்கப்பூர்வாசிகள் கவனிக்க)

வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேரங்காடி மேல்மாடியில் இருக்கும் சீன மருத்துவக் கடைக்கு 1,280 வெள்ளி தண்டம் அழுதிருக்கிறேன். பெயரைப் போட்டால் வக்கீல் கடிதம் வரும் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார், அதனால் போடவில்லை.

முட்டிவலி என்றுதான் போனேன். அங்கிருந்த பெண் முட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கையைக் குடுங்க ஆன்ட்டி" என்று வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையில் நகம் பதிய ஓர் அழுத்து. உயிர் போனது. "பாத்தீங்களா, குடல்ல அடைப்பு. அதான் முட்டியில வலி." அந்த இடத்துக்குப் பெயர் ஹேகு. சீன வைத்தியத்தில் உடம்பில் சக்தி ஓடுவதாகச் சொல்லும் தடங்களில், பெருங்குடல் தடத்தின் 4ஆம் புள்ளி, தலைவலி, பல்வலிக்குப் பிடிப்பது. அங்கே அழுத்தினால் யாருக்கும்தான் வலிக்கும்! உங்கள் கையிலேயே பாருங்கள். எனக்கோ அந்த நேரத்தில் அவள் சொன்னதெல்லாம் வேதவாக்கு. பத்துத் தடவைக்கான பேக்கேஜ் என்றாள், கார்டை நீட்டினேன்.

அக்குபங்சர் ஊசியே போடவில்லை. காந்த ஸ்டிக்கர்தான். சூசான்லி என்ற புள்ளி என்று சொல்லி ஒட்டியது முன்னங்கால் எலும்பின் மேலேயே. முட்டிச்சில்லுக்குக் கீழே நாலு விரல் விட்டு, எலும்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம் தள்ளி இருப்பதல்லவா அது? அடுத்த முறை மாசமாக இருக்கும் மருமகள் கூட வந்தாள். அவள் கையையும் இழுத்து அதே ஹேகுவை அழுத்தப் போனாள் பாவி! கர்ப்பிணிக்கு அதையும், உள்கணுக்காலுக்கு மேலே இருக்கும் சான்யின்ஜியாவோ புள்ளியையும் தொடக்கூடாது என்பது சீன வைத்தியத்தில் பாலபாடம். வீட்டுக்கு வந்து சீன மருத்துவர் வாரியத்தின் பதிவேட்டில் தேடினால் அந்தக் கடைக்காரியின் பெயரே இல்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாதவர் இங்கே ஊசி போட முடியாது. ஸ்டிக்கரின் ரகசியம் அப்போதுதான் புரிந்தது.

பணம் கேட்டால், "பாஸ் ஊர்ல இல்ல". பிறகு, "வாட்ஸ்அப்ல போடுங்க". போட்டேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் ரசீதின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தைக் காட்டி, "பணம் திரும்பக் கிடையாது, வேணும்னா மிச்சத்துக்கு ஜின்செங் டீ வாங்கிக்குங்க." 1,280 வெள்ளிக்கு டீயா!

எப்படி உஷாராக இருப்பது என்று விரிவாக எழுத உட்கார்ந்தேன், இப்போது ஓடவில்லை. பதிவேட்டில் பெயர் பாருங்கள். மொத்தமாகக் கட்டாதீர்கள். கையை அழுத்தி நோய் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போடப் போகிறேன், 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வேண்டாம். இப்படி ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பப்பட்டவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள், ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.