வேலை போகும் அன்று 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

எங்கள் தெருவிலிருந்து ஒரகடத்துக்கு கம்பெனி பஸ் ஏறும் இரண்டு பெண்களிடம் போன வாரம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "ராஜினாமா எழுதிக் கொண்டு வாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் என்னிடமும் அப்படித்தான் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் நான் எழுதிய ஒரே ஒரு வரியால் ஏறக்குறைய ஒரு வருஷம் அலைந்தேன். அவர்கள் அலையக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நாலு வருஷத்துக்கு மேல் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். மொத்தச் சம்பளம் 18,500. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இரண்டும் மாதாமாதம் பிடித்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் லைனுக்கு ஆர்டர் இல்லை என்று பேச்சு வந்தது. 14-ம் தேதி ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் எச்.ஆரிடமிருந்து ஒரு செய்தி: லைன் நிறுத்தப்படுகிறது, கீழே பெயர் உள்ள 22 பேரும் நாளை எச்.ஆர். அறைக்கு வரவும். இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள், பின்னால் வருகிறது.

மறுநாள் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். "சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்னு எழுதிக் குடும்மா. அப்பத்தான் செட்டில்மென்ட் சீக்கிரம் வரும். ரிலீவிங் லெட்டரும் நல்லபடியா இருக்கும், அடுத்த கம்பெனியில கேள்வி கேக்க மாட்டாங்க." எனக்கு முன்னால் போன ஏழு பேரும் எழுதியிருந்தார்கள். நானும் எழுதினேன். வீட்டில் அப்பாவுக்கு சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. செட்டில்மென்ட் தள்ளிப்போகும் என்று சொன்னாலே பயம் வந்துவிடும் நிலை.

அந்த வரியின் விலை எனக்கு அப்போது தெரியாது. அன்று நடைமுறையில் இருந்த தொழில் தகராறுகள் சட்டம் 25எஃப் பிரிவின்படி, ஒரு வருஷத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதற்கு மேல், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. என் கணக்கில் இரண்டும் சேர்ந்து ஐம்பத்தைந்தாயிரம் வரும். தானாகவே விலகினால் இதில் ஒரு பைசா கிடையாது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் ஆட்குறைப்புக்கு இதே 15 நாள் கணக்குத்தான்.

இன்னொரு இழப்பு இ.எஸ்.ஐ. பக்கம். வேலை இழந்தவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் ஒரு உதவித்தொகை உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. 2018 ஜூலையில் தொடங்கியது. அப்போது சராசரி தினக்கூலியில் 25 சதவீதம், அதுவும் வேலை போய் 90 நாள் ஆன பிறகுதான். கொரோனா சமயத்தில், 2020-ல், அதை 50 சதவீதமாக்கி, 30 நாள் ஆனாலே விண்ணப்பிக்கலாம் என்று மாற்றினார்கள். அதிகபட்சம் 90 நாளைக்குத் தருவார்கள், வாழ்நாளில் ஒரு முறை. வேலை போவதற்கு முன் இரண்டு வருஷமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய பங்களிப்புக் காலத்தில் (சந்தாவைக் கணக்குப் பார்க்கும் ஆறு மாதம்) 78 நாளும், அதற்கு முந்தைய மூன்று பங்களிப்புக் காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் சந்தா கட்டியிருக்க வேண்டும். இந்தத் தளர்வுகளை அவ்வப்போது காலநீட்டிப்பு செய்து வருகிறார்கள், எனவே விண்ணப்பிக்கும்போது நடப்பில் என்ன விதி என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒழுங்கு நடவடிக்கையால் வேலை போனவர்களுக்கும், ஓய்வு பெற்றவர்களுக்கும், விருப்ப ஓய்வில் போனவர்களுக்கும் இந்தப் பணம் கிடையாது. 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், நம் விண்ணப்பத்தையும் அந்த வரிசையில் தள்ளிவிடுவார்கள். என்னைத் தள்ளினார்கள்.

அதற்கு முன்னால் கடைக்காரர் கதையைச் சொல்ல வேண்டும்.

வேலை போய் இரண்டு மாதம் கழித்துத்தான் இந்தத் திட்டத்தைப் பற்றி ஒரு அக்கா சொன்னார்கள். 2024 பிப்ரவரி கடைசியில், பஸ் நிலையம் பக்கத்தில் இருக்கும் ஒரு ஆன்லைன் சேவைக் கடைக்குப் போனேன். 'பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிளைம் செய்து தரப்படும்' என்று பலகை. இ.எஸ்.ஐ. பணத்துக்கு மட்டும் விண்ணப்பிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். முன்பணம் 1,500 வாங்கினார். ஆதார், பான், பாஸ்புக், ராஜினாமா கடிதத்தின் நகல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பி.எஃப். நம்பர் எதற்கு என்று கேட்டேன். "ரெண்டும் லிங்க் சிஸ்டர், அது இல்லாம உள்ள போகாது" என்றார். லிங்க் எதுவும் கிடையாது. இ.எஸ்.ஐ. வேறு, பி.எஃப். வேறு. போனுக்கு வந்த ஓ.டி.பி.களை அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

மார்ச் நடுவில் வங்கியிலிருந்து இரண்டு எஸ்.எம்.எஸ். இரண்டுமே பி.எஃப். பணம். அவர் எனக்குத் தெரியாமல் படிவம் 19 போட்டு என் பி.எஃப். கணக்கை முழுவதுமாக முடித்திருந்தார். கூடவே படிவம் 10சி போட்டு பென்ஷன் பங்கையும் எடுத்திருந்தார். ஒரு லட்சத்து ஆறாயிரம் வர வேண்டிய இடத்தில் பத்து சதவீதம் வரி பிடித்து மீதிதான் வந்தது. சர்வீஸ் ஐந்து வருஷத்துக்குக் குறைவு, தொகை 50,000-க்கு மேல் என்றால் வரி பிடிப்பார்கள். வருமானம் வரி வரம்புக்குள் வராதவர்கள், வரி பிடிக்க வேண்டாம் என்று கொடுக்கும் 15ஜி படிவத்தைச் சேர்த்திருந்தால் அப்போது பிடித்திருக்க மாட்டார்கள். அவர் சேர்க்கவில்லை.

பணம் வந்ததே, அப்புறம் என்ன என்று வீட்டிலேயே கேட்டார்கள். 10சி-தான் பெரிய நஷ்டம். பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்தால் 58 வயதில் மாதாந்திர பென்ஷன் உண்டு. வேறு கம்பெனியில் சேர்ந்தபின் பழைய சர்வீஸைக் கூட்டிக்கொள்ளலாம், இல்லையென்றால் பணத்துக்குப் பதில், பழைய சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்ட்டிஃபிகேட் வாங்கி வைக்கலாம். பணமாக எடுத்துவிட்டால் அந்த வருஷங்கள் கணக்கிலிருந்து போய்விடும். என் நாலு வருஷம் அப்படிப் போயிற்று. எத்தனை புகார் எழுதியும் அது மட்டும் திரும்பவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "உங்க நல்லதுக்குத்தான் சிஸ்டர் செஞ்சேன், வந்த பணத்துல பத்து பர்சென்ட் எங்க சார்ஜ்" என்றார். என் பி.எஃப். கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி வைத்திருந்தார். இ.எஸ்.ஐ. விண்ணப்ப எண்ணையும் தரமாட்டேன் என்றார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. 9,500 ரூபாய் கொடுத்து இரண்டையும் வாங்கினேன்.

இந்த வேலைக்கெல்லாம் அரசாங்கத்தில் கட்டணம் கிடையாது. பி.எஃப். கிளைமை மத்திய அரசின் உமங் செயலியில் நாமே போடலாம். வேலை விட்ட தேதியைக் கம்பெனி பதியாவிட்டால், கடைசி சந்தா மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நாமே பதியலாம். முழு விவரங்களோடு போட்ட கிளைமை 20 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. 2025 அக்டோபரில் முழுப்பணம் எடுக்கும் காத்திருப்பை 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், பென்ஷன் பணத்துக்கு 36 மாதமாகவும் மாற்ற பி.எஃப். வாரியம் முடிவெடுத்தது. அதையும் பார்த்துக்கொண்டு போடுங்கள்.

சரி, இ.எஸ்.ஐ.க்கு வருகிறேன். ஏப்ரலில் நிராகரித்துவிட்டார்கள். காரணம்: தாமாக விலகியவர். கடைக்காரர் என் ராஜினாமா கடிதத்தையே ஆதாரமாக ஏற்றியிருந்தார். கம்பெனி தரப்பிலும் மாதச் சந்தா பதிவில் என் பெயருக்கு நேராக 'வேலையை விட்டார்' என்று போட்டிருந்தார்கள். அதே இடத்தில் 'ஆட்குறைப்பு' என்று ஒரு காரணமும் இருக்கிறது. கிளை அலுவலகத்தில் மூன்று தடவை போய் நின்றேன். "கம்பெனி சொன்னதைத்தாம்மா நாங்க பாக்க முடியும்" என்றார்கள்.

மத்திய அரசின் குறைதீர்க்கும் தளமான சி.பி.கிராம்ஸில் புகார் போட்டேன். பத்தொன்பதாம் நாள் அதே ஒரு வரியைச் சொல்லி முடித்துவைத்தார்கள். நிறையப் பேர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். முடித்துவைத்த புகாரின் மீது அதே தளத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு போடலாம். போட்டேன். இன்னொரு பக்கம் பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் என் கோப்பு நகலையும், என்னைப் பற்றிக் கம்பெனி எழுதிக் கொடுத்த பதிலின் நகலையும் கேட்டேன். 30 நாளுக்குள் வந்தது. எதை மறுக்க வேண்டும் என்பது அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

தனியாகப் போராடியிருந்தால் ஜெயித்திருக்க மாட்டேன். எங்கள் லைனில் இருந்த ஐந்து பேர் சேர்ந்தோம். தொழிலாளர் அலுவலரிடம் சமரசத்துக்கு மனுக் கொடுத்தோம். 22 பேரின் ராஜினாமாவும் ஒரே தேதி, ஒரே வாசகம். அதற்கு முந்தின ராத்திரி லைன் நிறுத்தம் என்று வந்த வாட்ஸ்அப் செய்தி. இந்த இரண்டையும் அச்செடுத்து மேஜையில் வைத்தோம். மூன்றாவது அமர்வில், ஆர்டர் இல்லாததால்தான் வேலை முடிவுக்கு வந்தது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. இழப்பீட்டில் ஒரு பகுதியும் தந்தார்கள். குரூப்பிலிருந்து வெளியேறும் அவசரத்தில் அந்தச் செய்தியை நான் அழித்திருந்தேன். இன்னொரு தங்கச்சி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம்.

அந்தக் கடிதத்தை மேல்முறையீட்டோடு சேர்த்துக் கொடுத்ததும் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஆனாலும் பணம் வரவில்லை. என் வங்கி இன்னொன்றோடு இணைந்தபோது ஐ.எஃப்.எஸ்.சி. மாறியிருந்தது, இ.எஸ்.ஐ. பதிவில் பழையதே இருந்தது. அனுப்பிய பணம் திரும்பிப் போய், திருத்தி மறுபடி அனுப்ப ஐந்து வாரம். கடைசியில் 2024 நவம்பரில் 25,400 ரூபாய்ச் சொச்சம் வந்தது. பிடித்த வரியை ஜூலையில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கினேன்.

இன்னொன்று, இதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. வேலை போனதும் இ.எஸ்.ஐ. கார்டு செல்லாது என்று நினைத்து அப்பாவின் மாத்திரைகளை மாதக்கணக்கில் கடையில் காசு கொடுத்து வாங்கினேன். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. அதாவது 2024 ஜூன் வரை அவருக்கு டிஸ்பென்சரியில் இலவசமாகவே மருந்து வாங்கியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலை போனாலும் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள், முதலில் டிஸ்பென்சரியில் போய்க் கேளுங்கள்.

அந்த இரண்டு பெண்களிடமும் இப்போதைக்கு எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கட்டாயப்படுத்தினால், 'ஆர்டர் இல்லாததால் நிர்வாகம் கூறியபடி இன்றுடன் என் வேலை நிறுத்தப்படுகிறது' என்று உண்மையை எழுதி, கொடுப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தாலும் இதையே சொல்லுங்கள். கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, குரூப்பில் வந்த செய்திகள், மெயில்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே இன்னொரு போனுக்கு அனுப்பி வையுங்கள். ஓ.டி.பி.யை, அது எதற்கான ஓ.டி.பி. என்று அந்த எஸ்.எம்.எஸ்.ஸை முழுதாகப் படிக்காமல் யாரிடமும் சொல்லாதீர்கள்.

கடைக்காரர் மீது காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று 4,000 ரூபாய் திருப்பித் தந்தார், மீதி இன்னும் வரவில்லை. கடை இப்போதும் திறந்திருக்கிறது. பலகையில் புதிதாக 'வேலை இழந்தோர் உதவித்தொகை' என்று சேர்த்திருக்கிறார். அவரிடம் பணம் இழந்த வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். என் ரசீதின் நகலைத் தருகிறேன், நிலையத்துக்கும் கூட வருகிறேன்.