தண்ணீரா கூலன்ட்டா, நியூட்ரலா கியரா: அம்பாசடர் காலத்துப் பேச்சும் இன்றைய காரும்

எங்கள் பெரியப்பா சேலத்தில் இருபது வருடம் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். வீட்டில் யார் கார் வாங்கினாலும் முதல் நாளே பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு நாலு வார்த்தை சொல்வார், நாங்களும் அப்படியே செய்வோம். அவர் சொன்னது எதுவும் பொய் இல்லை, அம்பாசடருக்கு அத்தனையும் சரி. ஆனால் 2000-ஐ ஒட்டி புகைக் கட்டுப்பாடு இறுகியதும் கார்புரேட்டர் போய், காரின் கம்ப்யூட்டர் அளந்து சொல்லும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் வந்துவிட்டது, இன்ஜினின் மேல்பாகமான ஹெட் இரும்பாக இருந்த இடத்தில் அலுமினியம் வந்துவிட்டது. கார் மாறிவிட்டது, அறிவுரை மட்டும் அப்படியே நிற்கிறது. அதனால் அவர் பக்கத்தையும் டேஷ்போர்டில் பிரிக்காமல் கிடக்கும் மேனுவலின் பக்கத்தையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

ரேடியேட்டருக்குத் தண்ணீரா, கூலன்ட்டா?

இதில்தான் நான் காசு இழந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கூலன்ட் என்பது இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் மருந்து கலந்த திரவம், பனி ஊர்களில் உறையாமலும் காக்கும்.

"நம்ம ஊர்ல பனியா பெய்யுது, எதுக்குக் கூலன்ட்டு? தண்ணி ஊத்து போதும்." இதைக் கேட்காத கார்க்காரர் இருக்க முடியாது. தண்ணீர் பக்கம் ஒரு நியாயம் உண்டு: சூட்டை உறிஞ்சும் திறனில் வெறும் தண்ணீர் கூலன்ட்டை விடக் கொஞ்சம் மேல்தான். அப்புறம் ஏன் கூலன்ட்? முதலாவது, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கூலன்ட் கொதிக்க 106, 107 டிகிரி ஆகும், தண்ணீருக்கு 100 போதும், ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் இரண்டையும் இன்னும் மேலே தள்ளும். ஆனால் நம் ஊருக்கு அதைவிடப் பெரிய காரணம் துருவும் உப்பும். போர்த் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே உப்புதான் இன்ஜினுக்குள்ளும் படிகிறது. பித்தளை ரேடியேட்டரும் கனத்த இரும்பு பிளாக்கும் அதைப் பல வருடம் தாங்கின. மெல்லிய அலுமினியக் குழாய்கள் தாங்காது. கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, தண்ணீரில் இல்லை.

நான் வாங்கிய செகண்ட் ஹேண்ட் காரில் முந்தைய ஓனர் தண்ணீர்தான் ஊற்றி ஓட்டியிருக்கிறார். வாட்டர் பம்பைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள், விசிறி இதழ்களில் பல்லில் காரை ஏறியது போல மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு பூச்சு, ஓரங்கள் அரித்துப்போய் விரலில் குத்தின. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டும் போயிருந்தது. அதற்கு முன்பே ஒரு மெக்கானிக் "ஹீட் ஆவுதா, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டா சரியாயிடும்" என்று கழற்றியே விட்டிருந்தார். சூட்டைக் காட்டும் முள் என்னவோ கீழே இறங்கியது, ஆனால் இன்ஜின் சூடாகவே இல்லை என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளித்துக்கொண்டே இருந்தது. மைலேஜ் 17-லிருந்து 13-க்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தெர்மோஸ்டாட் இன்ஜினை ஒரே சூட்டில் நிறுத்தி வைக்கும் கதவு, அதைப் பிடுங்கி எறிவது வைத்தியம் ஆகாது.

என் தீர்ப்பு சந்தேகமில்லாமல் கூலன்ட்தான். நடுரோட்டில் கொதித்துவிட்டால் ஆறும் வரை மூடியைத் திறக்காமல் இருந்து, பிறகு கிடைத்த தண்ணீரை ஊற்றி வீடு வந்து சேருங்கள், அதில் தப்பில்லை. வந்ததும் முழுவதும் வடித்துவிட்டுக் கூலன்ட் நிரப்புங்கள். கலக்க வேண்டிய வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். பச்சைக்குப் பச்சை என்று நிறம் பார்த்து வாங்க வேண்டாம், நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது, மேனுவலில் சொன்ன வகையைப் பாருங்கள்.

மலை இறக்கத்தில் நியூட்ரலா, கியரா?

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பெரியப்பா நியூட்ரலில்தான் இறங்குவார், சில சமயம் இன்ஜினையே அணைத்துவிட்டு. கார்புரேட்டர் வண்டியில் கியரில் இறங்கினாலும் இன்ஜின் பெட்ரோலை இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் அவர் கணக்கு அன்றைக்குத் தப்பில்லை. இன்ஜெக்டர் வண்டியில் கணக்கு தலைகீழ். கியரில் இருந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுகிறது என்று பார்த்து இன்ஜெக்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க அது பெட்ரோல் தெளித்தே ஆக வேண்டும். ஆக நியூட்ரல்தான் செலவு, கியர்தான் மிச்சம்!

பெட்ரோலைக்கூட விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள். நியூட்ரலில் வண்டியின் மொத்த எடையையும் பிரேக் மட்டும் தாங்குகிறது. கொல்லிமலையில் 70 வளைவு. பாதி இறங்குவதற்குள் ஒரு காரமான கருகல் வாடை வரும், அது பிரேக் பேட். அதற்கு மேலும் மிதித்தால் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறும். அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும் சாதி: டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் சொத்தென்று அடிவரை போகும். ஒரு தடவை அந்தப் பெடலை என் காலால் உணர்ந்திருக்கிறேன், ஹேண்ட் பிரேக்கும் செகண்ட் கியரும்தான் காப்பாற்றின. அன்று பின்சீட்டில் அம்மா இருந்தார். இன்ஜினை அணைப்பது இன்னும் மோசம், இரண்டு மூன்று மிதியிலேயே பிரேக்கின் பூஸ்டர் பலம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங்கும் இருக்காது.

ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ இறங்கும்போதும் ஏறக்குறைய அதே கியர். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், "குறையவே இல்லையே, எதுக்கு மாத்தணும்" என்பது இன்னொரு பழைய பேச்சு.

கெட்டி ஆயிலா, தண்ணி ஆயிலா? 5,000-மா, 10,000-மா?

"இது என்ன ஆயிலு, தண்ணி மாதிரி இருக்கு, நம்ம வெயிலுக்கு எப்படித் தாங்கும்?" 0W-20 என்ற மெல்லிய ஆயில் கேனைக் கையில் எடுத்தால் இந்தக் கேள்வி வரும், பதிலுக்கு 20W-40 என்ற கெட்டி ஆயிலை நீட்டுவார்கள். வெளியே 30 டிகிரி அடித்தாலும் 42 அடித்தாலும், தெர்மோஸ்டாட் ஒழுங்காக இருக்கும் வரை இன்ஜின் ஓடுவது கிட்டத்தட்ட ஒரே சூட்டில். பழைய இன்ஜினில் பாகங்களுக்கு நடுவே இடைவெளிகள் பெரிது, கெட்டி ஆயில் கேட்டது. இப்போது இடைவெளி நூலளவு, வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பும் ஆயில் அழுத்தத்தில்தான் ஓடுகிறது, கெட்டியாக ஊற்றினால் ஸ்டார்ட் செய்த உடனே மேலே ஏற நேரமாகும், மைலேஜும் இறங்கும். மேனுவலில் இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருந்தால் அதற்குள் எதையும் எடுக்கலாம், வெளியே போக வேண்டாம். பிஎஸ் 6 புகை விதிப்படி வந்த, துகள் வடிகட்டி இருக்கும் டீசல் வண்டிக்கு வகையும் முக்கியம், தப்பான ஆயிலின் சாம்பல் அந்த வடிகட்டியை அடைத்துவிடும்.

ஆயில் கறுத்துவிட்டது, உடனே மாற்று என்பதும் பழசு. கரியைத் தனக்குள் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை, டீசலில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும்.

ஆனால் கிலோமீட்டர் விஷயத்தில் பெரியப்பா பாதி ஜெயிக்கிறார். பல கார்களுக்கு 10,000 அல்லது ஒரு வருடம் என்று போட்டிருந்தாலும், அதே மேனுவலில் கடுமையான உபயோகத்துக்கு என்று ஒரு தனி அட்டவணை இருக்கும், பெரும்பாலும் அதில் பாதி தூரம்தான். தினமும் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூடம், மார்க்கெட், நின்று நின்று போகும் டிராஃபிக், தூசி, எல்லாம் அதில் அடக்கம். நெடுஞ்சாலையில் அதிகம் ஓடும் வண்டிக்கு 5,000-த்தில் மாற்றுவது வீண் செலவு, ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டிக்கு அது நியாயம்.

மிச்சம் இருப்பவை

காலையில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குவது சோக் இழுத்த காலத்துக்குச் சரி. இப்போது பெல்ட் போடும் நேரம் போதும், முதல் இரண்டு கிலோமீட்டர் மிதமாக ஓட்டுங்கள்.

நைட்ரஜனா, சாதாரணக் காற்றா? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அழுத்தம் பார்ப்பவருக்குச் சாதாரணக் காற்றே போதும், பார்க்காதவருக்கு நைட்ரஜனும் உதவாது.

ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்க்க, வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவதை யாரும் உங்கள் காரில் செய்ய விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் கம்ப்யூட்டரை எரித்துவிடலாம். ஒரு மல்டிமீட்டர் வைத்தால் போதும், இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 14 வோல்ட் பக்கம் காட்டும்.

கடைசியாக, இரண்டே டயர் மாற்றுகிறீர்கள் என்றால் புதுசு முன்னாலா, பின்னாலா? முன்சக்கரம்தானே இழுக்கிறது என்று முன்னால் போடச் சொல்வார்கள். பின்னால் போடுங்கள். மழைத் தண்ணீரில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பிடி திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதைப் பிடிக்க முடியாது. கடையில் வண்டியை ஜாக்கியில் ஏற்றும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் கேட்காமலே முன்னால் மாட்டிவிடுவார்கள்.