கொடி இறங்குகிறது, பெயர்கள் வரவில்லை: அமெரிக்க அதிபரின் தீத்தடுப்பு வாரப் பிரகடனம்

மதிப்பீடு: ஐந்துக்கு மூன்றரை

பணியில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களுக்கு ஓர் அரசு செலுத்தும் மரியாதையையும், குடிமக்களுக்கு அது அளிக்கும் சேவைகளில் ஒன்றாகக் கருதி எடைபோடலாம் என்ற எண்ணத்தில், அமெரிக்க அதிபர்கள் தீத்தடுப்பு வாரத்தை ஒட்டி வெளியிட்ட பிரகடனங்கள் சிலவற்றை வாசித்தேன். அந்த வாரத்தை 1925-இல் முதன்முதலாகப் பிரகடனம் செய்தவர் அப்போதைய அதிபர் கால்வின் கூலிட்ஜ். 1871 அக்டோபரில் சிகாகோவை எரித்த பெருந்தீயின் நினைவாகவே அது அக்டோபரில் வருகிறது.

வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள், தப்பும் வழியைக் குடும்பத்தோடு பேசி வையுங்கள் என்பன போன்ற அறிவுரைகளுக்கு நடுவே, உயிர்கொடுத்தவர்களுக்கு ஒரு பத்திதான் கிடைக்கிறது. முதல் வாசிப்பில் இது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஆனால், பேட்டரி மாற்றாமல் விட்ட ஒரு கருவியே நள்ளிரவில் யாரோ ஒரு வீரரைப் புகைக்குள் இழுத்துவிடக்கூடும் என்று எண்ணிப் பார்த்தபோது, இரண்டும் ஒரே தாளில் இருப்பது பொருத்தமென்றே பட்டது.

உயிர்கொடுத்தவர்களுக்கான இந்த மரியாதைக்கு வலுச் சேர்ப்பது 2001 அக்டோபரில் வந்த சட்டம். செப்டம்பர் 11 அன்று நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்ததற்கு அடுத்த மாதம் கையெழுத்தான அச்சட்டம், மேரிலாண்ட் மாநிலத்தின் எம்மிட்ஸ்பர்க்கில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களுக்கான தேசிய நினைவஞ்சலி நடைபெறும் நாளில் மத்திய அரசுக் கட்டடங்கள் அனைத்திலும் கொடி அரைக்கம்பத்தில் பறக்க வேண்டும் என்று விதித்தது. ஆகவே அதிபர் மாறினாலும் இந்த மரியாதை மாறுவதில்லை. அதைச் செய்யும் முறையும் என் மனத்தைத் தொட்டது: கொடியை நேரே பாதிக் கம்பத்தில் கட்டிவிடக் கூடாது; உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, அதன்பிறகே பாதிக்கு இறக்க வேண்டும்; மாலையிலும் மறுபடி உச்சியைத் தொட்டபின்தான் முழுமையாக இறக்க வேண்டும்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. நான் வாசித்த பிரகடனங்களில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இல்லை. அந்நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள், அழைப்பு வந்ததும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுபவர்கள். அவர்களில் உயிரிழந்தோரின் பெயர்களைப் படிக்க, எம்மிட்ஸ்பர்க்கில் 1981-இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தின் வெண்கலப் பட்டயங்களைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது. பிரகடனத்தின் கடைசி வரியிலோ, கிறிஸ்து ஆண்டோடு நாடு விடுதலை பெற்று எத்தனையாவது ஆண்டு என்பதும் எண்களாக அல்லாமல் எழுத்தில் விரிகிறது. தேதிக்கே இவ்வளவு இடம் தரும் ஆவணத்தில், அவ்வாண்டு நினைவுகூரப்படுவோரின் பட்டியலைப் பின்னிணைப்பாகச் சேர்க்க இடமில்லாமலா போகும்?

எம்மிட்ஸ்பர்க் அஞ்சலியில் குடும்பத்தாரின் கையில் ஒரு கொடியைக் கொடுக்கிறார்கள். தம் வீட்டுப் பிள்ளையின் பெயர் அச்சிட்டு அதிபர் கையெழுத்திட்ட தாள் ஒன்றும் அதனுடன் கிடைக்குமானால், மீதி ஒன்றரையையும் மனநிறைவோடு தருவேன்.