கொழும்பு – யாழ்ப்பாணம் இரவு பஸ்: வருடக்கணக்காகப் போய்வந்த அனுபவம்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர் அளவில் வரும். நான் வேலைக்காக வெள்ளவத்தையில் இருக்கிறேன், அம்மாவும் அப்பாவும் சாவகச்சேரியில். வெள்ளி இரவு பஸ் ஏறி, ஞாயிறு இரவு திரும்ப ஏறி, திங்கள் காலை வேலைக்குப் போகிற ஓட்டம் பல வருடங்களாக, மாதம் ஒரு தடவையாவது நடக்கிறது. புதிதாகக் கொழும்புக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்த பஸ் கெதியாப் போகும்?" என்றுதான். கெதியாகப் போகிற பஸ்ஸில் ஏறாதே என்றுதான் நான் சொல்லுவேன்.

ஒழுங்கான இரவு பஸ் வெள்ளவத்தையில் ஒன்பது மணிபோல வெளிக்கிட்டால் விடிய ஆறு மணியளவில் யாழ்ப்பாண நகரத்துக்கு வரும். "நாலரைக்கே கொண்டுபோய் விட்டிடுவாங்கள்" என்று ஒரு பஸ்ஸைப் பற்றி யாராவது பெருமையாகச் சொன்னால், அந்த ஒன்றரை மணித்தியாலத்தை எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்று யோசிக்க வேண்டும். வத்தளை, ஜா-எல, நீர்கொழும்புப் பக்கம் மிச்சம் பிடிக்க வழியில்லை, அவ்வளவு நெரிசல். புத்தளம் தாண்டி அநுராதபுரம் போகிற காட்டு ரோட்டிலும், வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலுள்ள நேர் ரோட்டிலும்தான் மிதிப்பார்கள். முதல் ரோட்டில் யானை குறுக்கே வரும். மற்றதில் மாடுகள் நடுரோட்டில் படுத்திருக்கும். அந்த இடங்களுக்கு பஸ் வருகிற நேரம் நடுச்சாமத்திலிருந்து விடியப்புறம் நாலு மணி வரை, எவருக்கும் கண் சொருகுகிற நேரம். 2025 மே 11ஆம் திகதி கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன பஸ் கொத்மலையில் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்ததும் விடியப்புறத்தில்தான்.

ஆகவே சீட் புக் பண்ணும்போது நான் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணை, ரெண்டு டிரைவர் வருவினமோ?" என்பது. சில இடங்களில் சிரிப்பார்கள். சில இடங்களில், "ஓம் தங்கச்சி, புத்தளத்தில மாறுவினம்" என்று உடனே சொல்வார்கள். உடனே சொல்கிறவர்களின் பஸ்ஸில்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். ஏறிய பிறகும் பார்க்கலாம். இரண்டாவது டிரைவர் முன்சீட்டிலோ பின்னாலோ போர்த்துக்கொண்டு படுத்திருப்பார். அப்படி ஒருவர் படுத்திருப்பதைக் கண்டால் எனக்கும் நித்திரை வரும்.

ஏசி, சாய்கிற சீட், போன் சார்ஜ் பண்ணுகிற வசதி எல்லாம் இதற்குப் பிறகுதான். சொகுசு, அதிசொகுசு என்று பஸ்ஸின் உடம்பில் எழுதியிருப்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரே பெயரில் ஓடும் இரண்டு பஸ்களில் ஒன்று புத்தம் புதிதாகவும் மற்றது சீட் கைப்பிடி கழன்று ஆடுகிற நிலையிலும் இருக்கும்.

சீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஒன்பது மணித்தியாலத்தை நல்லதாக்குவதும் கெட்டதாக்குவதும் அதுதான். முன்வரிசை வேண்டாம். எதிரே வருகிற லொறிகளின் வெளிச்சம் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும், ஹோர்ன் சத்தமும் டிவியும் பக்கத்திலேயே. கடைசி வரிசை பல பஸ்களில் சாயாது, ரோட்டிலுள்ள ஒவ்வொரு குழியும் முதுகில்தான் விழும். சில்லுக்கு மேலே வருகிற சீட்டில் கால் நீட்ட இடமில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து ஆறாம் வரிசைக்குள், இடது பக்க யன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள். இங்கே வாகனங்கள் இடது பக்கமாக ஓடுவதால் எதிர் வாகன வெளிச்சம் வலது பக்க யன்னலுக்குத்தான் கூட வரும். உட்கார்ந்ததும் தலைக்கு மேலே உள்ள ஏசித் துவாரத்தைத் திருப்பிப் பாருங்கள். சிலது மூடுபடாது, சிலதில் தண்ணீர் சொட்டும். நான் ஒரு ரிசுக் கடதாசியை மடித்து அதற்குள் சொருகிவிடுவேன். என்ன செய்தாலும் அநுராதபுரம் தாண்ட நடுங்கும். ஒரு தடித்த சால்வையும் காலுறையும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். பெரிய பையில் வைத்தால் அது கீழே சாமான் அறைக்குள் போய்விடும், பிறகு எடுக்க முடியாது.

தனியாகப் போகிற பெண்கள் புக் பண்ணும்போதே, "பக்கத்தில லேடீஸ் போடுங்கோ" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவர்களே கேட்பார்கள், சீட் படத்தில் குறித்தும் வைப்பார்கள். ஆனால் வத்தளையிலோ நீர்கொழும்பிலோ ஏறுகிற ஒருவரை அந்த வெற்று சீட்டில் இருத்தப் பார்ப்பதும் நடக்கும். அப்போது வெட்கப்படாமல் கொண்டக்டரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். நான் சொன்ன ஒவ்வொரு முறையும் மாற்றித் தந்திருக்கிறார்கள். பின்சீட்டில் இருந்து எங்களைக் கவனித்துக்கொண்டிருக்கும் அம்மாக்களும் உடனே எங்கள் பக்கம் கதைப்பார்கள்.

ரிக்கற்றில் போட்டிருக்கும் நேரம் பஸ் முதலில் வெளிக்கிடுகிற இடத்தின் நேரம். வெள்ளவத்தையில் ஏறினால் கொள்ளுப்பிட்டி, புறக்கோட்டை, வத்தளை என்று ஆளும் பெட்டியும் ஏற்றி ஊரைத் தாண்டவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். வத்தளைப் பக்கம் இருப்பவர்கள் வெள்ளவத்தைக்கு வந்து ஏறத் தேவையில்லை, அங்கேயே ஏறலாம். கொண்டக்டரின் போன் நம்பரை மட்டும் முன்னரே வாங்கி வைத்திருங்கள்.

பெட்டிகளைப் பற்றிச் சனம் குறைப்படுகிறது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பார்சல் இறக்குவதற்காக நிற்கிறார்கள், நித்திரை குழம்புகிறது என்று. எனக்கு அதில் கோபம் வருவதில்லை. ஊரில் கிடைக்காத மருந்து கொழும்பிலிருந்து ஒரே இரவில் போய்ச் சேருவது இந்த பஸ்களில்தான். பனங்கிழங்கும் ஒடியலும் முருங்கைக்காயும் வெள்ளவத்தைக்கு வருவதும் இவற்றில்தான். மாம்பழக் காலத்தில் அம்மா கறுத்தக் கொழும்பானைக் கடதாசியில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, என் பெயரையும் போன் நம்பரையும் மூன்று பக்கத்திலும் பெரிதாக எழுதி ஏற்றிவிடுவா. விடிய வெள்ளவத்தைக் காலி வீதியில் போய் நின்றால் பஸ் பெடியன் என்னைக் கண்டதும், "அக்கா, உங்கட பெட்டியைத் தேடவே தேவையில்ல, மணத்திலயே தெரியுது" என்பான். அதற்காகப் பத்து நிமிடம் கூட நிற்பதைப் பொறுக்கலாம்.

சாப்பாட்டு நிறுத்தம் பெரும்பாலும் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில், பதினொன்றுக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் வரும். இருபது நிமிடம் என்பார்கள். இறங்கியதும் முதல் வேலை, பஸ்ஸின் இலக்கத் தகட்டைப் போனில் படம் எடுப்பது. ஒரே மாதிரியான நாலைந்து பஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நித்திரைக் கலக்கத்தில் எது எங்களுடையது என்று தெரியாது. அடுத்தது கழிவறை. பெண்களுக்கான வரிசை நீளும், தேத்தண்ணியைப் பிறகு குடிக்கலாம். தண்ணீரோ சவர்க்காரமோ இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரிசுவும் சில்லறைக் காசும் கையில் இருக்கட்டும். அந்த நேரத்தில் கொத்து சாப்பிட்டால் விடியும்வரை நெஞ்சு கரிக்கும். நான் வீட்டில் ஏழரைக்கே சாப்பிட்டுவிட்டு, இங்கே ஒரு பிளேன்டீயோடு முடித்துக்கொள்வேன். கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வந்து தலையிடியோடு இறங்குகிறவர்களும் உண்டு, அது கூடாது. அவசரமென்றால் கேளுங்கள், நிறுத்துவார்கள். வயதானவர்களோடு போகிறவர்கள் ஏறும்போதே டிரைவரிடம் சொல்லி வைப்பது நல்லது.

முறிகண்டியில் பஸ் நிற்கும்போது நான் எப்போதும் எழும்பிவிடுவேன். பெடியன் இறங்கிப் போய்ப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்துவிட்டு, கையில் திருநீறோடு வந்து டிரைவருக்குப் பூசிவிடுவான். கதவு திறந்த அந்த இரண்டு நிமிடத்தில் வறுத்த கச்சான் மணம் பஸ்ஸுக்குள் வரும். கச்சான் வாங்காமல் ஊருக்குப் போனால் வீட்டில் கேட்பார்கள். ஏ9 வீதி மூடிக் கிடந்த யுத்த வருடங்களை அனுபவித்தவர்கள், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள், இந்த நிறுத்தத்தில் கும்பிட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் அவசரப்படுத்த மனம் வராது.

கிளிநொச்சி தாண்டினால் நித்திரை கொள்ளக்கூடாது. பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம் என்று ஊர்கள் கடகடவென்று வரும். பருத்தித்துறைப் பக்கம் போகிறவர்கள் கொடிகாமத்தில் இறங்கலாம், பஸ் நேரே அங்கே போகிறதா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். பெடியனிடம் இறங்குகிற இடத்தைச் சொல்லியிருந்தாலும் போனில் அலாரம் வையுங்கள்.

மனவருத்தமான அனுபவமும் உண்டு. ஒரு பொங்கல் நேரம் சாய்கிற சீட்டுள்ள ஏசி பஸ்ஸுக்குக் காசு கட்டினேன். வந்தது ஏசி வேலை செய்யாத, யன்னலும் திறக்க முடியாத பஸ். அப்பாவின் வயதிலுள்ள ஒருவர் வியர்த்து, மூச்செடுக்கக் கஷ்டப்பட்டார். "பஸ் பழுதாப் போச்சு, இதுதான் இருக்கு" என்றார்கள், மிச்சக் காசு தரவில்லை. அன்றிலிருந்து புக் பண்ணிய குறுஞ்செய்தியை ஊர் போய்ச் சேரும்வரை அழிப்பதில்லை. இப்படி நடந்தால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பஸ் இலக்கம், வெளிக்கிட்ட நேரம், ரிக்கற் மூன்றும் கையில் இருக்க வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், பொங்கலும், தீபாவளியும் வந்தால் எங்கிருந்தோ புது பஸ்களெல்லாம் ரோட்டில் இறங்கும். அந்த நாட்களில் டிரைவர்மார் இரவு வந்து, பகல் படுக்காமல், அன்றிரவே திரும்ப ஓடுகிறார்கள். தெரிந்த பஸ்ஸில் இரண்டு மூன்று கிழமைக்கு முன்னரே புக் பண்ணுங்கள். கிடைக்கவில்லையென்றால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுவது மேல்.

பகலில் போக முடிந்தவர்களுக்கு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் இருக்கிறது. காசு குறைவு, யன்னலைத் திறந்துவிட்டால் புத்தளம் வரை நல்ல காற்று. சாதாரண பஸ்ஸில் சீட் நெருக்கம், சனி ஞாயிறில் நின்றுகொண்டும் வருவார்கள். முன்சீட் மதகுருமாருக்கு ஒதுக்கியது, அவர்கள் ஏறினால் எழும்ப வேண்டும். முழுத் தூரமும் போகிறவர்கள் வெளிக்கிடுகிற இடத்துக்கே போய் ஏறினால்தான் இருந்துகொண்டு போகலாம். 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தபோது இனி பஸ் தேவையில்லை என்றுதான் வீட்டில் கதைத்தோம். முதுகு நோவுள்ளவர்களுக்கு இன்றும் ரயில்தான் சுகம். வெள்ளி இரவுக்கு அதில் சீட் எடுப்பதுதான் பாடு.

திரும்பி வரும் பயணம் வேறு மாதிரி. கொழும்புக்குள் பஸ் நாலரை, ஐந்துக்கே வந்துவிடும், அந்த நேரம் ரோட்டில் நெரிசல் இல்லாததால். வெள்ளவத்தையில் இருட்டோடு இறங்க வேண்டி வரும். சந்தி சந்தியாக நிறுத்துவார்கள், உங்கள் ஒழுங்கைக்கு மிக அருகில் எது என்று பார்த்துச் சொல்லுங்கள். பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்போதே போனில் பிக்மீ செயலியில் ஓட்டோ போட்டுவிட்டால் ரோட்டோரம் தனியாக நிற்கத் தேவையில்லை. வயதான டிரைவர் ஒருவர், பெண் பிள்ளைகள் ஓட்டோவில் ஏறும்வரை பஸ்ஸை எடுக்க மாட்டார். அவர் எந்தெந்த இரவு ஓடுகிறார் என்று கேட்டுத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை சீட்டைப் போடுகிறேன்.