கிரேவியா, பேட்டேயா: சர்க்கரை நோயுள்ள பூனைக்கு எந்த ஈரத்தீனி?

சர்க்கரை நோய் கண்ட பூனைக்கு மாவுச்சத்து குறைந்த ஈரத்தீனி கொடுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிடுகிறார். கடைக்குப் போய்ப் பார்த்தால், பெரும்பாலான பாக்கெட்டுகளில் மாவுச்சத்து எவ்வளவு என்ற வரியே இருப்பதில்லை. புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம் ஆகியவற்றின் விழுக்காடுகள் அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றில் சாம்பல், அதாவது தாது உப்புகளின் அளவும் இருக்கும். மாவுச்சத்தை நாம்தான் கழித்துக் கண்டுபிடிக்க வேண்டும். பல பாக்கெட்டுகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்குத் தெளிந்தது, விலையையும் உறையின் முன்பக்க வாசகங்களையும்விடத் தீனியின் பதமே அதிகம் சொல்கிறது என்பதுதான். இறைச்சியை அரைத்து இறுக்கிய பேட்டேயா, குழம்பில் கிடக்கும் துண்டுகளா என்று முதலில் பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. நூற்றிலிருந்து புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, சாம்பல், ஈரப்பதம் ஐந்தையும் கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. சாம்பல் அளவு தரப்படாவிட்டால் ஈரத்தீனிக்கு 2.5 அல்லது 3 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எண்ணை அப்படியே ஒப்பிடக் கூடாது, ஏனெனில் ஈரத்தீனியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் எல்லாமே குறைவாகத்தான் தெரியும். மொத்த ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கு எவ்வளவு என்பதே சரியான அளவுகோல். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 3.5 கலோரி, கொழுப்புக்கு 8.5 கலோரி என்று பெருக்கிக் கூட்டினால் அது கிடைத்துவிடும்.

உதாரணத்துக்கு, ஒரு பேட்டே டின்னில் புரதம் 11, கொழுப்பு 5, நார்ச்சத்து 1.5, சாம்பல் 3, ஈரப்பதம் 78 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சும் மாவுச்சத்து 1.5, ஆற்றலில் அதன் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடு. ஒரு கிரேவி பவுச்சில் புரதம் 9, கொழுப்பு 3, நார்ச்சத்து 1, சாம்பல் 2.5, ஈரப்பதம் 79 என்றால் மிஞ்சுவது 5.5, பங்கு 25 விழுக்காடு. ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கு 12 விழுக்காட்டுக்கு மேல் போகாமலிருப்பது நல்லது என்பது பூனை மருத்துவ வழிகாட்டல்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. இரண்டுமே 'ஈரத்தீனி'தான், ஒன்று வரம்பில் பாதி, மற்றது வரம்பைப் போல் இரண்டு மடங்கு. குழம்பைக் கெட்டியாக்கப் பெரும்பாலும் மாவு சேர்க்கிறார்கள். நம் வீட்டுக் குழம்புக்கு அரிசிமாவு கரைத்து விடுவதைப் போலத்தான். பாக்கெட்டில் புரதமும் கொழுப்பும் 'குறைந்தபட்சம்' என்றே தரப்படுவதால், நமது கணக்கு பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே மாவுச்சத்தைக் காட்டும். ஆகவே வரம்பை லேசாகத் தாண்டும் பேட்டேயை உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை.

இந்த எண்ணுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் பூனையின் உடலமைப்பு. அது இறைச்சி தின்றே வாழும்படி அமைந்த விலங்கு. உமிழ்நீரில் மாவைச் செரிக்கும் நொதி இல்லை; குளுக்கோஸைக் கையாளக் கல்லீரலுக்குத் துணைநிற்கும் குளுக்கோகைனேஸ் என்னும் நொதியின் செயலும் மிகக் குறைவு. தனக்கு வேண்டிய சர்க்கரையைப் புரதத்திலிருந்தே அது இடைவிடாமல் உண்டாக்கிக்கொள்கிறது. நாயிடமிருந்து பூனை வேறுபடும் இன்னோர் இடமும் உண்டு: பூனைக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகையை ஒத்திருப்பதால், சீக்கிரம் கட்டுக்குள் கொண்டுவந்தால் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குத் திரும்பவும் கூடும். 63 பூனைகளை 16 வாரம் கவனித்து 2006-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், மாவுச்சத்தும் நார்ச்சத்தும் குறைந்த தீனி உண்டவற்றில் 68 விழுக்காடும், நடுத்தர மாவுச்சத்தும் மிகுந்த நார்ச்சத்தும் கொண்ட தீனி உண்டவற்றில் 41 விழுக்காடும் அந்த நிலையை எட்டின. நார்ச்சத்து மிகுந்த தீனியே நல்லது என்ற பழைய அறிவுரை இன்னும் சிலரிடம் நிலைத்திருப்பதால் இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

அடுத்த போட்டி, மருத்துவர் சீட்டோடு வாங்கும் தீனிக்கும் சாதாரணக் கடைத் தீனிக்கும் இடையில். அமெரிக்காவில் இந்த விவாதம் பெரும்பாலும் ப்யூரினா நிறுவனத்தின் இரண்டு பொருள்களைச் சுற்றியே நடக்கிறது: மருத்துவர் பரிந்துரைக்கும் 'டிஎம்' டின் ஒருபுறம், எந்தப் பல்பொருள் அங்காடியிலும் மலிவாகக் கிடைக்கும் ஃபேன்சி ஃபீஸ்ட் கிளாசிக் பேட்டே மறுபுறம். மாவுச்சத்தை மட்டும் பார்த்தால் இரண்டுமே குறைந்தவைதாம். சீட்டுத் தீனிக்குரிய நியாயம், அதன் கலவை மாறாமல் வரும், துல்லியமான ஊட்டச்சத்து விவரம் நிறுவனத்திடமிருந்து கிடைக்கும் என்பது. மலிவான பேட்டேக்குரிய நியாயம், மாதக்கணக்கில் தொடர்ந்து வாங்க முடியும் என்பது. வேறு நோய் எதுவும் இல்லாத பூனைக்கு நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். பாதி மாதத்தில் கைவிடும் உயர்ந்த தீனியால் பயனில்லை. பெயரை மட்டும் நம்பக் கூடாது: ஃபேன்சி ஃபீஸ்டிலேயே கிரேவி வகைகளின் கதை வேறு, 'டிஎம்' பெயரிலேயே வரும் உலர்தீனியில் டின்னைவிட மாவுச்சத்து அதிகம். உலர்தீனியை மணிகளாக வார்க்கவே மாவு வேண்டும். 'தானியமற்றது' என்று எழுதியிருந்தாலும் உருளைக்கிழங்கோ பட்டாணியோ மரவள்ளி மாவோ அந்த இடத்தை நிரப்பியிருக்கும்.

ஜெல்லி வகைகள் இடைப்பட்டவை. கடற்பாசிப் பசையாலும் இறுக்குவார்கள், மாவாலும் இறுக்குவார்கள். கணக்குப் போடாமல் எதையும் சொல்ல முடியாது.

தெளிந்த நீரில் சூரைமீனோ கோழித் துண்டோ மட்டும் இருக்கும் சிறு டின்களில் மாவுச்சத்து ஏறத்தாழ இல்லை என்பதால் பலர் அவற்றிடம் மயங்கிவிடுகிறார்கள். அவற்றில் பல 'காம்ப்ளிமென்டரி' என்று சிறிய எழுத்தில் சொல்லிவிடும், அதாவது துணைத்தீனி. டாரின் என்னும் அமினோ அமிலம், கால்சியம், வைட்டமின்கள் சேர்த்த முழுத்தீனி அல்ல. டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசையும் கண்ணின் விழித்திரையும் கெடும். வெறும் வேகவைத்த கோழிக்கும் இதே குறைதான். மீன் குழம்புச் சோற்றுக்கோ இரட்டைக் குறை: சோறு மாவுச்சத்து, குழம்பில் வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு.

மேலே சொன்ன ஒப்பீடு முழுதும் மாறும் இடம் ஒன்று உண்டு. வயதான பூனைக்குச் சர்க்கரை நோயோடு சிறுநீரக நோயும் சேர்ந்திருந்தால், புரதமும் பாஸ்பரஸும் மிகுந்த பேட்டே பொருந்தாமல் போகலாம்; சிறுநீரகத் தீனியிலோ மாவுச்சத்து பொதுவாக அதிகம். அப்போது பெரும்பாலும் சிறுநீரகத்துக்கே முன்னுரிமை தந்து, சர்க்கரையை இன்சுலினால் சமாளிக்க வேண்டியிருக்கும். இரத்தப் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் டின்னை வாங்கிக் குவிக்காதீர்கள்.

அளவும் கவனிக்க வேண்டியது. நான்கு கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவை; மேலே கணக்கிட்ட பேட்டேயில் அது 230 கிராம், அதாவது 85 கிராம் டின்கள் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. எங்கள் வீட்டுக் கடுவன் குழம்பை மட்டும் நக்கிவிட்டுப் போகும் இனம். பேட்டேயில் இரண்டு தேக்கரண்டி வெந்நீர் விட்டுக் குழைத்துக் கொடுத்த பிறகுதான் வாய் வைத்தான். மறுத்தால் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று எண்ணக் கூடாது. பருத்த பூனை சில நாள் உண்ணாமலிருந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். பழைய தீனியோடு சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரம் பத்து நாளில் மாற்றுவதே முறை.

ஏற்கெனவே இன்சுலின் போடும் பூனையாக இருந்தால் இந்த மாற்றம் இன்னும் கவனத்துக்குரியது. மாவுச்சத்து குறைந்ததும் இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, பூனை தள்ளாடும், நடுங்கும், வலிப்பும் வரலாம். ஆகவே மாற்றத்தைத் தொடங்கும் முன்பே புதிய அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, காது நுனியில் ஒரு சொட்டு எடுத்து வீட்டிலேயே அளந்து வாருங்கள். மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனையின் இரத்தத்தில் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதை மருத்துவரிடம் எண்களைச் சொல்லும்போது சேர்த்துச் சொல்லுங்கள். முதல் டின்னைச் சனிக்கிழமை இரவில் திறக்காமல், மருத்துவமனை திறந்திருக்கும் வாரநாள் காலையில் திறங்கள். ஈறில் தடவக் கொஞ்சம் தேனோ குளுக்கோஸ் கரைசலோ அருகிலேயே இருக்கட்டும்.