டிஸ்னி வேர்ல்ட்: ரைடுகளுக்குப் பின்னால் ஓடும் கணக்கு

தீம் பார்க் விமர்சனம் எழுதுகிறவர்கள் ரைடில் ஏறி இறங்கிவிட்டு எழுதுவார்கள். நான் கணக்குத் தணிக்கை வேலை பார்க்கிறவள். ஆண்டறிக்கையையும் புரட்டாமல் எனக்கு மனசு ஆறாது. ஃபுளோரிடாவில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டைப் பொறுத்தவரை அது வீண் வேலையும் இல்லை. அங்கே எந்த ரைடு பிரமாதமாக இருக்கிறது, எது பெயருக்கு ஓடுகிறது, எதற்குத் தனியாகக் காசு கேட்கிறார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் பல வருடங்களுக்கு முன்பே ஏதோ ஒரு கூட்டத்தில் முடிவாகிவிட்ட விஷயம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்குள்ள நான்கு பார்க்குகளில் ஒன்றான அனிமல் கிங்டமில் 2017-இல் திறந்த, 'அவதார்' படத்தின் உலகமான பண்டோரா பகுதிக்காக மட்டுமே ஒருவர் அந்த ஊருக்குப் போகலாம். அங்கே ஃபிளைட் ஆஃப் பாசேஜ் என்ற ரைடில் மோட்டார் சைக்கிளில் உட்காருவது போல் ஒரு பறக்கும் விலங்கின் மேல் உட்கார வைக்கிறார்கள். அது மூச்சு விடுவது இரண்டு முழங்கால்களுக்கும் தெரிகிறது. என் மகன் இறங்கியதும் முதலில் கேட்டது, "அம்மா, அது நிஜமாவே மூச்சு விட்டுதா?" என்பதைத்தான். இந்தப் பகுதிக்கான ஒப்பந்தத்தை 2011-இல் போட்டபோது 'அவதார்' டிஸ்னியின் படமே இல்லை, ஃபாக்ஸ் நிறுவனத்துடையது. அடுத்த வீட்டுக்காரர் படத்துக்கு இவ்வளவு பெரிய உலகம் கட்டுவதா என்று அப்போது கிண்டல் செய்தவர்கள் உண்டு. 2019-இல் டிஸ்னி 71.3 பில்லியன் டாலருக்கு ஃபாக்ஸின் பெரும்பகுதியையே வாங்கியபோது படமும் கூடவே வந்து சேர்ந்தது.

இன்னொரு பார்க்கான ஹாலிவுட் ஸ்டூடியோஸில் உள்ள ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ் என்ற ஸ்டார் வார்ஸ் ரைடும் இதே ரகம். ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிமை 2012-இல் சுமார் 4 பில்லியன் டாலருக்கு வாங்கிய பணம் எங்கே போனது என்று கேட்டால், அந்த ரைடில் வரும் பிரம்மாண்டமான கப்பல் கூடத்தைத்தான் காட்டுவேன். வரிசையாக நிற்கும் வெள்ளைக் கவசப் படைக்கு எதிரே கதவு திறக்கும்போது பெரியவர்களும் வாயைப் பிளக்கிறார்கள்.

அதே ஸ்டார் வார்ஸை வைத்து அதே நிறுவனம் அருகிலேயே இன்னொன்றும் கட்டியது. கேலக்டிக் ஸ்டார்க்ரூசர் என்று ஒரு விண்கப்பல் ஹோட்டல். மொத்தம் 100 அறை, இரண்டு இரவு, இரண்டு பேருக்கு ஏறக்குறைய 4,800 டாலரிலிருந்து ஆரம்பம். 2022 மார்ச்சில் திறந்து 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். போய் வந்தவர்கள் பலர் அதைக் கொண்டாடினார்கள் என்பதுதான் வேடிக்கை. நடிகர்களும் கதையும் நன்றாகத்தான் இருந்திருக்கின்றன. குறுக்கே நின்றது விலைப்பட்டியல். அவ்வளவு பணத்தை இரண்டே நாளில் செலவழிக்கக்கூடிய ரசிகர்கள் ஒருமுறை வந்துபோன பிறகு அறைகளை யார் நிரப்புவார்கள்? கட்டிய செலவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடங்களுக்குப் பரப்பி எழுதியிருக்க வேண்டிய தேய்மானத்தைச் சில மாதங்களுக்குள் அடித்து முடித்தார்கள். என் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு வரியைப் படித்தாலே வயிறு கலங்கும்.

சரி, நீண்ட வரிசையைத் தாண்டிப் போகக் கேட்கும், எல்லோரும் குமுறும் வரிசைக் கட்டணத்துக்கு வருவோம். 1999-இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தபோது அது இலவசம். குறித்த நேரத்துக்குச் சீட்டு எடுத்துக்கொண்டு வேறு எங்காவது சுற்றிவிட்டு வரலாம். 2021 அக்டோபரில் அந்த இடத்துக்கு ஜீனி பிளஸ் என்ற கட்டணச் சேவை வந்தது. ஃபுளோரிடாவில் ஆளுக்கு நாளுக்கு 15 டாலர். 2024-இல் பெயர் லைட்னிங் லேன் மல்டி பாஸ் என்று மாறியது. அதே வருடம் இலையுதிர் காலத்தில் நேரம் குறிக்காமலே வேக வரிசையில் போகலாம் என்று பிரீமியர் பாஸ் என்ற ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள். மேஜிக் கிங்டம் என்ற பார்க்கில் கூட்டம் மிகுந்த நாளில் அப்போது அதன் விலை ஆளுக்கு 449 டாலர். நுழைவுச் சீட்டு அதில் சேராது. விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு இலவசமாக ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸும் 2022 தொடக்கத்தில் நின்றுபோனது.

பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். 1955-இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் எழுந்ததே ஒரு தொலைக்காட்சி பேரத்தால்தான். வால்ட் டிஸ்னியிடம் போதுமான பணம் இல்லை. ஏபிசி தொலைக்காட்சி 5 லட்சம் டாலர் முதலீடு போட்டு, 45 லட்சம் டாலர் கடனுக்கு ஜாமீன் நின்றது. பதிலுக்கு அவர் அவர்களுக்கு வாராந்திர நிகழ்ச்சி செய்து கொடுத்தார். நிகழ்ச்சியில் பாதி, கட்டிக்கொண்டிருக்கும் பார்க்குக்கான விளம்பரம். ரைடுக்கு ரைடு காசு வாங்குவதும் புதிதில்லை. 1982 வரை ஏ, பி, சி, டி, ஈ என்று தரம் பிரித்த சீட்டுப் புத்தகம்தான். நல்ல ரைடுக்கு ஈ சீட்டு வேண்டும். ஆனால் ஈ சீட்டு வைத்திருந்த எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள். இப்போது விற்பது ரைடை அல்ல, முன்னால் நிற்பவரின் நேரத்தை. காசு கொடுத்தவர் உள்ளே போகப் போக, கொடுக்காதவரின் வரிசை நீள்கிறது. வரிசை நீளமாக இருந்தால்தான் பாஸ் விற்கும். இந்த வியாபாரத்தில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான்.

இது ஏன் 2021-இல் வந்தது என்று பார்த்தால் கதை படத்துறைப் பக்கம் போகிறது. 2019 நவம்பரில் மாதம் 6.99 டாலருக்கு டிஸ்னி பிளஸ் ஓடிடி ஆரம்பமானது. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து பார்க்குகள் மூடின. அப்போது தலைமைக்குப் புதிதாக வந்திருந்த பாப் சாபெக் காலத்தில் எல்லாமே சந்தாதாரர் எண்ணிக்கையைச் சுற்றி ஓடியது. 2022 நிதியாண்டில் ஓடிடி பிரிவின் நஷ்டம் ஏறக்குறைய 4 பில்லியன் டாலர். அதில் கடைசிக் காலாண்டில் மட்டும் 1.47 பில்லியன். அந்த நவம்பரில் இயக்குநர் குழு சாபெக்கை அனுப்பிவிட்டு பழைய தலைவர் பாப் ஐகரைத் திரும்ப அழைத்தது. அந்த இடைவெளியில் காசு ஈட்டிக் கொடுத்தது யார்? பார்க்குகளும் கப்பல்களும் அடங்கிய பிரிவுதான். 2024 நிதியாண்டில் எல்லாப் பிரிவுகளின் செயல்பாட்டு லாபம் 15.6 பில்லியன் டாலர் என்றால், அதில் 9.27 பில்லியன் இந்தப் பிரிவுடையது. வரிசைக் கட்டணத்தை ஓடிடி நஷ்டத்துக்காகத்தான் கொண்டுவந்தோம் என்று எந்த அறிக்கையிலும் எழுதமாட்டார்கள். ஆனால் எல்லாப் பணமும் ஒரே பெட்டிக்குத்தான் போகிறது. ரசிகர் பாடு மத்தளத்தின் பாடு, இரண்டு பக்கமும் இடி: வீட்டில் சந்தா, பார்க்கில் பாஸ்.

படங்களுக்கு நடந்தது இன்னும் மோசம் என்று நினைக்கிறேன். டிஸ்னிக்குச் சொந்தமான அனிமேஷன் நிறுவனம் பிக்ஸாரின் 'சோல்', 'லூகா', 'டர்னிங் ரெட்' மூன்றையும் அமெரிக்காவில் நேராக ஓடிடியில் சந்தாவுக்குள்ளேயே கொடுத்துவிட்டார்கள். மூன்றும் சொந்தமாக யோசித்த கதைகள்; எனக்கு 'லூகா' மிகவும் பிடிக்கும். பிக்ஸார் படம் என்றால் வீட்டுக்கே வரும் என்று குடும்பங்களைப் பழக்கியது யார்? பிறகு 2022-இல் 'லைட்இயர்' தியேட்டரில் படுத்தது. 2023-இல் 'எலிமென்டல்' மந்தமாகத் தொடங்கி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே உலக அளவில் சுமார் 496 மில்லியன் டாலர் வசூல் வரை ஏறியது. நல்ல படத்துக்கு இன்னும் கூட்டம் வரும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

நிறுவனம் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. 2024-இல் 'இன்சைட் அவுட் 2' 1.7 பில்லியனை நெருங்கியது. 'மோவானா 2' முதலில் ஓடிடித் தொடராகத்தான் ஆரம்பிக்கப்பட்டது. நடுவில் அதைப் படமாக மாற்றினார்கள், ஒரு பில்லியனைத் தாண்டியது. கணக்கில் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் படத்தைப் பார்க்கும்போது அத்தியாயம் அத்தியாயமாகத் தைத்த தையல் என் கண்ணுக்குத் தெரிந்தது. புதிதாக வரும் பாத்திரங்கள் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டு அப்படியே இருக்கிறார்கள்.

இந்த 'இரண்டாம் பாகம்' புத்தி பார்க்குக்குள்ளும் வந்துவிட்டது. 2025 ஜூனில் ஹாலிவுட் ஸ்டூடியோஸில் மப்பெட்ஸ் பொம்மைகளின் முப்பரிமாணக் காட்சியை மூடினார்கள், அங்கே பிக்ஸாரின் 'மான்ஸ்டர்ஸ் இன்க்' படத்தின் உலகம் வரப்போகிறது. அடுத்த மாதம் மேஜிக் கிங்டமில் 'ரிவர்ஸ் ஆஃப் அமெரிக்கா' ஆற்றையும் நீராவிப் படகையும் டாம் சாயர் தீவையும் மூடினார்கள், அங்கே பிக்ஸாரின் 'கார்ஸ்' படத்தின் உலகம் வரப்போகிறது. அந்த ஆறு யாருக்கும் பொம்மை விற்கவில்லை, அதற்குப் பாஸும் இல்லை. சும்மா உட்காரக் கிடைத்த நிழல் அது. இன்றைக்கும் மக்கள் மொய்க்கும் பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் ரைடு 1967-இல் டிஸ்னிலேண்டில் திறந்தபோது அப்படி ஒரு படமே கிடையாது. படம் 2003-இல் வந்தது. பார்க் படத்தைப் பெற்றெடுத்த காலம் அது. இப்போது வசூல் காட்டிய படத்துக்குத்தான் நிலம் கிடைக்கிறது.

சிக்கனம் எப்படி இருக்கும், செலவு எப்படி இருக்கும் என்று ஒரே வருடத்தில் பார்க்க வேண்டுமானால் 2001-ஐப் பார்க்கலாம். பாரிஸ் பார்க் 1992-இல் திறந்து கடனில் மாட்டியதில் அன்றைய தலைவர் மைக்கேல் ஐஸ்னர் சூடுபட்டிருந்தார். பிப்ரவரியில் டிஸ்னிலேண்டுக்கு எதிரே கலிஃபோர்னியா அட்வெஞ்சர் என்ற பார்க் கையை இறுக்கிக் கட்டியபடி திறந்தது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பிறகு ஒரு பில்லியன் டாலருக்கு மேல் கொட்டி 2012-இல் அதை மறுபடி திறக்க வேண்டியிருந்தது. அதே 2001 செப்டம்பரில் திறந்த டோக்கியோ டிஸ்னிசீ இன்றும் உலகத்தின் அழகான தீம் பார்க்குகளில் ஒன்று என்று பேர் வாங்குகிறது. இரண்டையும் வடிவமைத்தவர்கள் ஒரே டிஸ்னியின் ஆட்கள்தான். டோக்கியோவில் பணம் போட்டது மட்டும் ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம். டிஸ்னிக்கு அங்கே உரிமத் தொகை மட்டுமே.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. அனிமல் கிங்டமில் 2006-இல் திறந்த எக்ஸ்பெடிஷன் எவரெஸ்டின் பனிமனிதன் ஆரம்பத்தில் கையை வீசிப் பயமுறுத்தியவன். பல வருடங்களாக அசைவதில்லை. மினுக்கும் விளக்கைப் போட்டு அசைவது போல் காட்டுகிறார்கள். புது ரைடு கட்டினால் அது சொத்து, பல வருடத்துக்குப் பரப்பி எழுதலாம், நாடா வெட்டலாம். பழுது பார்க்கும் செலவு பெரும்பாலும் அந்த வருட லாபத்திலேயே கடிக்கும். இந்தப் பனிமனிதனுக்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் எந்த நிறுவனத்திலும் இந்த இழுபறியை நான் பார்த்திருக்கிறேன்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: 2023 செப்டம்பரில், பத்து வருடத்தில் பார்க்குகளுக்கும் கப்பல்களுக்கும் 60 பில்லியன் டாலர் செலவிடப் போவதாக அறிவித்தார்கள். அது பண்டோரா மாதிரி செலவாகுமா, 2001 கலிஃபோர்னியா மாதிரி செலவாகுமா என்பதுதான் கேள்வி.

இவ்வளவையும் கேட்ட என் தங்கை, "அக்கா, போகலாமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லு" என்றாள். போகலாம். விடுமுறைக் காலத்தைத் தவிர்த்துவிட்டுப் போ. ஒரே ஒரு நாள்தான் என்றால் அனிமல் கிங்டம். நான்கு பார்க்குகளில் அதன் சீட்டுதான் பொதுவாக மலிவு. காலையில் கதவு திறக்கும்போதே பண்டோராவுக்கு நட. மல்டி பாஸ் வாங்குவதாக இருந்தால் ரைடுகள் அதிகமுள்ள மேஜிக் கிங்டமில் மட்டும் வாங்கு. பிக்ஸாரின் புதுக் கதை எதுவும் வந்தால் முதல் வாரமே தியேட்டரில் பார், அந்த வார எண்ணைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். பிரீமியர் பாஸ் பக்கம் போகாதே. அறிமுகமான வருட விலையிலேயே உங்கள் வீட்டு நான்கு பேருக்கும் கூட்ட நாளில் அது 1,796 டாலர்.