48,000 கிலோமீட்டருக்குப் பிறகு: என் வண்டியின் மைலேஜ் டிஸ்பிளேவை நம்பலாமா?

"மாமா, உங்க வண்டி நெஜமாவே 19 குடுக்குதா?" என்று மச்சினன் போனில் கேட்டான். பொங்கலுக்கு என்னோடு வந்தபோது டிஸ்பிளேவில் 19.1 என்று பார்த்தது அவன் மனதில் நின்றுவிட்டது. இப்போது அதே மாடலுக்கு முன்பணம் கட்டப் போகிறான்.

கொடுப்பது லிட்டருக்கு 17 கிலோமீட்டர். எனக்கு 17 போதும். திருச்சி ஊருக்குள்ளும் சென்னை ஹைவேயிலும் கலந்து ஓடும் 1.2 பெட்ரோல் வண்டிக்கு அது நல்ல மைலேஜ்தான். 19 என்று காட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கணக்கு வைக்க ஆரம்பித்தது ஒரு ராத்திரியில். சென்னையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம், பின்சீட்டில் அம்மா தூக்கம். உளுந்தூர்பேட்டை நெருங்கும்போது இன்னும் 46 கிலோமீட்டர் ஓடும் என்று காட்டியது. அடுத்த பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவன், ஏனோ மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பினேன். 37 லிட்டர் டேங்க்கில் ஆட்டோ கட் ஆகும்வரை, அதாவது டேங்க் நிரம்பி பம்ப் தானாக நிற்கும்வரை, 36.1 லிட்டர் இறங்கியது. மிச்சம் இருந்ததில் 15 கிலோமீட்டர் போயிருந்தாலே பெரிது.

அன்றிலிருந்து ஒன்றரை வருடம், 23 ஃபுல் டேங்க். முடிந்தவரை அதே பங்க், அதே பம்ப், முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்தம். ட்ரிப் மீட்டரை ஜீரோ செய்து நோட்டில் குறித்துவிடுவேன். கடைசி வரி: 561 கிலோமீட்டர், 33 லிட்டர், ஆக 17. டிஸ்பிளே 19.1. வித்தியாசம் 1.6-க்குக் கீழே இறங்கியதில்லை, 2.4-ஐத் தாண்டியதும் இல்லை. 23 தடவையில் ஒரு தடவைகூட குறைத்துக் காட்டவில்லை. சாதாரணப் பிழை என்றால் எப்போதாவது அந்தப் பக்கமும் சாய வேண்டாமா?

சர்வீஸ் சென்டரில் நோட்டைக் காட்டினேன். "எல்லாம் எத்தனால் பெட்ரோலால சார்" என்றார்கள். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் போட்டால் மைலேஜ் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிஸ்பிளே, இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் செலவான பெட்ரோலைக் கணக்கிடுகிறது. எத்தனாலுக்காக இன்ஜின் கூடுதலாகக் குடித்தால் அந்தக் கூடுதலும் கணக்கில் ஏறிவிடும். 17-க்குக் குறைந்தால் டிஸ்பிளேவும் 17 என்றுதானே காட்ட வேண்டும்? இதற்குப் பதில் வரவில்லை. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகள் பலவற்றில் வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனரை மாட்டி இந்தக் கணக்கைச் சதவீதத்தில் திருத்த முடியும். என் வண்டிக்கு அப்படி வசதி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் கணக்கும் ஓடோமீட்டரை நம்பித்தான் நிற்கிறது. டயர் தேயத் தேயச் சுற்றளவு குறையும், வண்டி ஓடாத தூரத்தையும் ஓடியதாக மீட்டர் சேர்த்துக்கொள்ளும். ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தேன்: 100 கிலோமீட்டருக்கு மீட்டரில் 101.5. அப்படியானால் உண்மை 17-க்கும் ஒரு நூல் கீழேதான்.

மற்றபடி இந்த வண்டியில் குறை சொல்ல எதுவுமில்லை. ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. ஏசி சித்திரை வெயிலிலும் பத்து நிமிடத்தில் குளிரும். சீட் உயரம் சரியாக இருப்பதால் முழங்கால் வலியுள்ள அம்மா கை பிடிக்காமல் ஏறி இறங்குகிறார். சர்வீஸ் செலவும் கையைக் கடித்ததில்லை.

ஆனாலும் மச்சினனிடம் "வேண்டாம்ப்பா, வேற பாரு" என்றுதான் சொன்னேன். தெரிந்தே 12 சதவீதம் கூட்டிக் காட்டும் வண்டியைச் சொந்தக்காரனுக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனசு வரவில்லை. "அப்போ உங்களுத வித்துருவீங்களா?" என்றான். அது மாட்டேன். அடுத்த மாதம் நாலு டயரும் மாற்றுகிறேன். மாற்றியதும் 24-வது டேங்க்கிலிருந்து நோட்டில் புதுப் பக்கம்.